நாற்பது ஆண்டு தாமதமாக ஒரு பதில்



1986-ல் பத்தாம் வகுப்பில் நான்கு வீச்சு என்ஜின் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். "சார், சக்கரம் சுத்தத்தானே போகுது? அப்புறம் பிஸ்டன் எதுக்கு மேலேயும் கீழேயும் போய்ட்டு வரணும்? அதுவே சுத்தினா என்ன?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு வருவதைக் கேள், உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் கேள்வி கேட்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் கணினியில் பழைய காப்புரிமை ஆவணங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது: அவன் கேட்ட கேள்வியை ஒரு ஜெர்மானியர் 1929-லேயே காப்புரிமையாகப் பதிந்திருக்கிறார். பெயர் ஃபெலிக்ஸ் வாங்கெல். கல்லூரிப் பட்டம் கிடையாது. கிட்டப்பார்வை காரணமாக ஓட்டுநர் உரிமம்கூட எடுக்காதவர். நாஜிக் காலத்தில் அவர் எடுத்த நிலை பெருமைக்குரியதல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் யோசனையை என்ஜினாக்கிய கம்பெனி என்எஸ்யு. நெக்கார்சுல்ம் என்ற ஊரின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. 1873-ல் பின்னல் இயந்திரம் செய்யத் தொடங்கி, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று வளர்ந்த நிறுவனம். 1951-ல் வாங்கெலோடு சேர்ந்தது.

1957-ல் ஓடிய முதல் சோதனை என்ஜினில் உள்ளே இருக்கும் முக்கோணச் சுழலியும் சுற்றும். அதைச் சூழ்ந்த கூடும் சுற்றும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று, அதிர்வே இல்லை. ஆனால் ஸ்பார்க் பிளக் சுழலிக்குள் இருந்தது. பிளக் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே பிரிக்க வேண்டும்! வால்டர் ஃப்ரோய்டே தலைமையிலான என்எஸ்யு பொறியாளர்கள் கூட்டை அசையாமல் நிறுத்தி, சுழலியை மட்டும் மையம் விலகிச் சுற்ற வைத்தார்கள். தன் அழகான யோசனையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வாங்கெலுக்கு வருத்தம். ஆனால் உலகம் ஓட்டியது இந்த இரண்டாவது வகையைத்தான்.

இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவம்தான் கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுற்றுகிறது. மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடம் பெரிதாகி, சிறிதாகி, மறுபடி பெரிதாகி, சிறிதாகும். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் நான்கும் அதிலேயே நடந்துவிடும். வால்வே வேண்டாம். சுழலி ஒருமுறை சுற்றினால் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும்.

இதை வைத்து 1964-ல் ஸ்பைடர், 1967-ல் ஆர்ஓ 80 என்ற கார்கள் வந்தன. ஆர்ஓ 80-க்கு இரண்டு சுழலிகள், 115 குதிரைத்திறன். 1968-ன் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதும் கிடைத்தது.

சிக்கல் முனையில் இருந்தது. பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரில் பட்டையாகப் படிந்து நிற்கும். இங்கே முனையிலுள்ள சீல், சுவரை ஒரு கோடாகத்தான் தொடுகிறது. தொடும் கோணமும் நொடிக்கு நொடி மாறுகிறது. சீல் தேய்ந்தால் அழுத்தம் கசியும், வண்டி கிளம்பாது. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுத்தது கம்பெனி. எதிரெதிரே வரும் ஆர்ஓ 80 ஓட்டிகள், தங்கள் காருக்கு இது எத்தனையாவது என்ஜின் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. வாங்கெல் அடிப்படையில் சீல் நிபுணர். கசிவை அடைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அவர் பெயர் தாங்கிய என்ஜின் தடுக்கி விழுந்ததும் அந்தக் கசிவில்தான். காப்புரிமை வாங்க ஒரு யோசனையைத் தெளிவாக வரைந்து விளக்கினால் போதும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று அதில் யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. நான் பார்த்த வரைபடங்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. தேய்மானத்துக்கு எண் இல்லை.

1969-ல் ஃபோக்ஸ்வாகன் என்எஸ்யுவை ஆட்டோ யூனியனோடு இணைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில், அதிகம் பெட்ரோல் குடிக்கும் இந்த என்ஜினை விரும்புவோர் குறைந்தனர். ஐந்து கோடி டாலருக்கு உரிமம் வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸே ஒரு கார்கூட விற்காமல் கைவிட்டது. 1977-ல் ஆர்ஓ 80 நின்றது. அதோடு என்எஸ்யு என்ற பெயரில் கார் வருவதும் நின்றது. சுமார் 37,000 கார்கள்தான் செய்திருந்தார்கள். நெக்கார்சுல்ம் ஆலையில் இன்று ஆடி கார்கள் தயாராகின்றன.

ஆனால் 1961-ல் உரிமம் பெற்ற ஜப்பானின் மாஸ்டா விடவில்லை. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். சுவரில் சீல் கீறிய தழும்புகளுக்கு "சாத்தானின் நகக்கீறல்" என்று பெயர் வைத்துக்கொண்டு, அதை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் கைகொடுத்தது. 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் சுழல் என்ஜின் கார் முதலிடம் பிடித்தது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று உன் வகுப்புத் தோழர்கள் சொன்னார்கள். நீ கேட்டது தவறான கேள்வி இல்லை. அன்று எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துச் சொல்கிறேன்" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பதிலில் ஓட்டை இருந்தால் இங்கேயே எழுது. இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்