சிறுநீர் வடிகுழாயும் செவிலியர் பணியும்

சிறுநீர் கழிக்க இயலாத நோயாளியின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் குழாயே கதீட்டர் எனும் வடிகுழாய். பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் அகழாய்வில் வெண்கல வடிகுழாய்கள் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இரப்பர் குழாய்கள் வந்தன. ஆனால் அவை எளிதில் நழுவின. 1930களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஃபோலி, நுனியருகே சிறு பலூன் பொருத்திய குழாயை உருவாக்கினார். உள்ளே சென்றதும் பலூனில் நீர் ஏற்றினால் குழாய் நழுவாது.

இதனால் குழாயைப் பல நாள் விட்டுவைக்க முடிந்தது. தொல்லையும் அங்கேயே தொடங்கியது. குழாயின் மறுமுனை கட்டிலடியில் திறந்த பாட்டிலில் கிடந்தது. சில நாட்களிலேயே பெரும்பாலான நோயாளிகளின் சிறுநீரில் கிருமிகள் பெருகின. 1958இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், கதீட்டரைத் தேவையின்றிப் பயன்படுத்துவதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். 1966இல் கூனின், மெக்கார்மக் ஆகியோரின் ஆய்வு, குழாயும் பையும் இடைவெளியின்றி இணைந்த மூடிய முறை தொற்றைத் தள்ளிப்போடுவதைக் காட்டியது.

மூடிய முறையைக் காப்பவர் செவிலியரே. குழாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகழுவுதல், இணைப்பைப் பிரிக்காதிருத்தல், பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுதல் ஆகியவை அடிப்படை விதிகள். விதியை அறிவது வேறு, நெருக்கடியான வார்டில் கடைப்பிடிப்பது வேறு. ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லும்போது பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்தால், தேங்கிய சிறுநீர் கிருமிகளோடு உள்ளே திரும்பக்கூடும்.

2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் ஏற்பட்ட கதீட்டர் தொற்றுக்குக் கூடுதல் கட்டணம் தருவதை அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு நிறுத்தியது. குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடுகிறது. ஆகவே, "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று தினமும் கேட்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.