நாள்பட்ட மலச்சிக்கல்

வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாக மலம் கழிவது, முக்க நேர்வது, முழுதும் கழியாத உணர்வு போன்றவை மாதக்கணக்கில் நீடிக்கும் நிலை. நார்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை காரணமாகலாம். அதிகம் பேசப்படாத காரணம், மலத்தை அடக்குவது. தேங்கும் மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மலம் இறுகுகிறது. நாளடைவில் உந்துணர்வே மங்கிவிடும். தியாகராய நகர்க் கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்கள் அடக்க நேர்வது கொடுமை. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் கடை ஊழியர்களுக்கு இருக்கையை உறுதிசெய்தது. கழிப்பறைக்குப் போக இடைவேளையும் அதே அளவு அவசியம்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் வாங்கும் கீரை, வாழைத்தண்டு, அவரை நல்ல தடுப்பு. போதிய நீரும் வேண்டும். சாப்பிட்டதும் குடல் அசைவு கூடுவதால் காலை உணவுக்குப் பின் கழிப்பறைக்கு நேரம் ஒதுக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக்குறைவு இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.