பாத்திமா ஜின்னாவும் 1965 ஆம் ஆண்டுத் தேர்தலும்: பெண் தலைமை, மதம், ஜனநாயகம் குறித்த சில சிந்தனைகள்

தென்னாசியப் பெண்கள் அரசியல் தலைமையை எய்திய வரலாறு பெரும்பாலும் குடும்ப உறவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1960 இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க கொலையுண்ட தலைவரின் மனைவி. 1966 இல் பிரதமரான இந்திரா காந்தி நேருவின் மகள். 1988 இல் பாகிஸ்தானின் பிரதமரான பேநசீர் பூட்டோ தூக்கிலிடப்பட்ட பிரதமரின் மகள். இவ்வரிசையில் பாத்திமா ஜின்னா 'சகோதரி' என்ற இடத்தைப் பெறுகின்றார். இவ்விளக்கம் பொய்யன்று; ஆயினும் போதியதன்று. உறவு ஒருவரை அரசியலின் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தலாம். வாயிலைக் கடந்தபின் அவர் எதற்காகப் போராடினார், அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் எந்நலன்களின் பொருட்டு அவ்வாறு செய்தனர் என்பனவே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாக்களாகும்.

1893 இல் கராச்சியில் பிறந்த பாத்திமா, முகம்மது அலி ஜின்னாவின் இளைய சகோதரியாவார். முஸ்லிம் பெண்கள் கல்வி பெறுவதே அரிதாயிருந்த காலத்தில் பம்பாயின் பாந்த்ராவிலிருந்த கன்னியர் மடப் பாடசாலையிற் பயின்றார். 1919 இல் கல்கத்தாவின் பல்மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1923 இல் பம்பாயில் தமது சொந்த மருத்துவ நிலையத்தைத் திறந்தார். 1929 இல் தமையனாரின் மனைவி இரத்தன்பாய் காலமானதைத் தொடர்ந்து, தொழிலைத் துறந்து தமையனாரின் இல்லப் பொறுப்பை ஏற்றார். இறுதிவரை திருமணஞ் செய்யவில்லை. 1938 இல் முஸ்லிம் லீக் தனது பட்னா மாநாட்டில் மகளிர் பிரிவொன்றை அமைத்தபோது அதன் உறுப்பினர்களுள் ஒருவரானார். இயக்கத்தின் வெகுசனத் தளத்தை விரிவாக்கப் பெண்கள் தேவைப்பட்டனர். தீர்மானிக்கும் அதிகாரத்தில் அவர்களுக்குரிய பங்கு சொற்பமாகவே இருந்தது. பாகிஸ்தானின் முதலாவது அரசியலமைப்பு நிர்ணய சபையில் இரு பெண்களே இடம்பெற்றனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1948 செப்டெம்பரில் ஜின்னா இறந்தபின், புதிய அரசு பாத்திமாவைப் போற்றவும் செய்தது, ஒதுக்கவும் செய்தது. 'மாதரே மில்லத்', அதாவது தேசத்தின் தாய், என்னும் பட்டம் நிலைபெற்றது. ஆயின் 1951 இல் தமையனாரின் நினைவு நாளில் அவர் ஆற்றிய வானொலி உரையின் ஒரு பகுதி ஒலிபரப்பின்போது மறிக்கப்பட்டது. தமையனாரைப் பற்றி அவர் எழுதிய நூலுங்கூட, அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்து, 1987 இல், சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையிலேயே அச்சேறியது. தாய் என வணங்கப்படுபவள் வாய் திறவாதிருக்கும்வரையே வணக்கத்துக்குரியவள் என்ற நியதியை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

1958 ஒக்ரோபரில் நாடு இராணுவச் சட்டத்தின்கீழ் வந்தது. ஜெனரல் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். 1959 இல் அவர் புகுத்திய 'அடிப்படை ஜனநாயகம்' என்னும் முறை நுணுகி நோக்கத்தக்கது. மக்கள் தமது பகுதிகளில் மொத்தம் 80,000 உறுப்பினரைத் தெரிவுசெய்வர். கிழக்குப் பாகிஸ்தானுக்கும் மேற்குப் பாகிஸ்தானுக்கும் தலா 40,000. 1962 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் வாக்காளர்கள் இவ்வுறுப்பினர்களே. கிராமிய வேலைத்திட்டங்களுக்கான அரசாங்கப் பணமும் இவர்களின் ஊடாகவே செலவிடப்பட்டது. அவர்களுக்கு மேலே மாவட்ட அதிகாரிகள் வீற்றிருந்தனர். வாக்களிப்பவர், வாக்குக் கேட்பவரின் நிதியையும் தயவையும் நம்பி வாழும் நிலை சட்டபூர்வமாகவே ஏற்படுத்தப்பட்டது. 1931 முதல் சர்வசன வாக்குரிமையை அனுபவித்துவரும் நாட்டவராகிய நமக்கு, அவ்வுரிமை பறிக்கப்படுவதன் பொருளை இவ்வேற்பாடு நன்கு புலப்படுத்தும்.

1964 இல் ஐந்து கட்சிகள் இணைந்து எதிர்க்கட்சிக் கூட்டணியை அமைத்தன. கவுன்சில் முஸ்லிம் லீக், அவாமி லீக், தேசிய அவாமிக் கட்சி, நிசாமே இஸ்லாம், ஜமாஅத்தே இஸ்லாமி என்பன அவை. கொள்கையால் ஒன்றோடொன்று முரண்பட்ட இவை உடன்படக்கூடிய ஒரே வேட்பாளராக எழுபத்தொரு வயதுப் பாத்திமா விளங்கினார். நேரடித் தேர்தல், சர்வசன வாக்குரிமை, பாராளுமன்ற ஆட்சி ஆகியன கூட்டணியின் முதன்மைக் கோரிக்கைகள். டாக்காவிலிருந்து சிட்டகொங்குக்கு அவர் சென்ற புகையிரதம், வழிநெடுகிலும் மக்கள் அதனை மறித்து அவரது உரையைக் கேட்க விரும்பியமையால் பல மணிநேரம் தாமதித்தே போய்ச் சேர்ந்தது. ஷேக் முஜிபுர் ரகுமானும், கிழக்கின் முன்னாள் ஆளுநர் அசாம் கானும் அவருக்காகப் பிரசாரஞ் செய்தனர். ஹபீப் ஜாலிப் அவரது கூட்டங்களிற் கவிதை பாடினார்.

இத்தேர்தலின் மிக முக்கியமான முரண்பாடு மதத்தின் பாத்திரத்திலேயே காணப்படுகின்றது. அயூப் கான் நவீனத்துவவாதியாகக் கருதப்பட்டவர். 1961 இல் அவர் பிரகடனப்படுத்திய முஸ்லிம் குடும்பச் சட்டம், திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிற்று. பலதார மணத்துக்கு நடுவர் சபையின் அனுமதியை வேண்டிற்று. பெண்ணின் திருமண வயதை 14 இலிருந்து 16 ஆக உயர்த்திற்று. அவ்வாறான ஆட்சியாளரின் ஆதரவாளர்களே, இஸ்லாமிய நாடொன்றின் தலைமையைப் பெண் ஏற்கலாகாது என்று உலமாக்களிடமிருந்து பத்வாக்களைப் பெற்றுப் பரப்பினர். மறுபுறத்தில், பெண்கள் பொது வாழ்வில் ஈடுபடுவதை எழுத்தில் வன்மையாக எதிர்த்து வந்தவர் மௌலானா மௌதூதி. அவரது ஜமாஅத்தே இஸ்லாமி, அசாதாரண சூழ்நிலையில் பெண் ஒருவரின் வேட்புரிமை ஏற்கத்தக்கதே என்று தீர்மானித்தது. 1964 சனவரியில் அவ்வியக்கம் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் அத்தடை நீங்கியிருந்தது என்பதை மனங்கொண்டால் இம்மாற்றத்தின் காரணம் விளங்கும். பெண் தலைமை பற்றிய மதத் தீர்ப்பு, தீர்ப்பளிப்போர் அதிகாரத்தோடு கொண்டிருந்த உறவையே பின்பற்றிச் சென்றது என நாம் கருதுகின்றோம்.

1965 சனவரி 2 ஆம் திகதி நடைபெற்ற வாக்கெடுப்பின் முடிவு வருமாறு: அயூப் கான் 49,951, பாத்திமா ஜின்னா 28,691. இத்தொகைகளை இரு பகுதிகளாகப் பிரித்து நோக்குதல் அவசியம். மேற்கில் அயூபுக்கு 28,939 வாக்குகளும் பாத்திமாவுக்கு 10,257 வாக்குகளும் கிடைத்தன. கிழக்கிலோ அயூப் 21,012, பாத்திமா 18,434. வேறுபாடு 2,578 மட்டுமே. மேற்கிலும் கராச்சி நகரம் அவர் பக்கமே நின்றது. அதிகாரிகளின் பிடிக்குட்பட்ட 80,000 பேரிடையேகூட இவ்வளவு ஆதரவைப் பெற்றமை சாதாரண நிகழ்ச்சியன்று. கிழக்கு வங்க மக்களின் மனக்குறை எத்திசையிற் பாயத் தொடங்கியிருந்தது என்பதையும் இவ்வெண்கள் முன்கூட்டியே காட்டின.

பாத்திமாவின் தேர்தல் முயற்சியை நாம் குறையற்றதாகப் போற்றவேண்டியதில்லை. அவரது கூட்டணியின் ஒன்பது அம்சத் திட்டம், குடும்பச் சட்டத்தைக் குர்ஆனுக்கும் சுன்னாவுக்கும் இணங்கத் திருத்துவதாகவும் வாக்களித்தது. பெண் ஒருவரை முன்னிறுத்திய அணி, பெண்களுக்குக் கிடைத்திருந்த குறைந்தபட்சப் பாதுகாப்பை விலைபேச ஆயத்தமாயிருந்தது. பெண்களுக்கெனத் தனிக் கோரிக்கை எதுவும் அவரது பிரசாரத்தின் மையமாக அமையவில்லை. நிலவுடைமை பற்றியும் அக்கூட்டணியால் ஒருமித்த குரலிற் பேச இயலவில்லை.

ஆகவே முற்போக்காளர் முன் ஒரு கடினமான வினா எழுகின்றது. மேலிருந்து சட்டத்தால் சீர்திருத்தம் வழங்கும் சர்வாதிகாரத்தை ஆதரிப்பதா? அல்லது பழமைவாதிகளையும் உள்ளடக்கிய ஜனநாயக இயக்கத்தை ஆதரிப்பதா? வரலாறு தந்த விடை ஓரளவு தெளிவானது. மக்களின் சம்மதத்தில் வேரூன்றாத சீர்திருத்தத்தை அதன் கர்த்தாக்களே தேர்தல் வந்தபோது மறந்து, பத்வாக்களைத் தேடிச் சென்றனர். வாக்குரிமைக் கோரிக்கையோ தோல்வியோடு மடியவில்லை. 1967 யூலை 9 ஆம் திகதி பாத்திமா காலமானார். 1968 இல் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். 1969 மார்ச்சில் அயூப் பதவி விலகினார். 1970 டிசம்பரில் பாகிஸ்தான் மக்கள், பெண்களும் ஆண்களும், வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் முதலாவது பொதுத்தேர்தலில் நேரடியாக வாக்களித்தனர். அத்தேர்தலின் தீர்ப்பை ஆளும் குழுவினர் மதிக்க மறுத்தமையே 1971 இல் நாடு பிளவுறுவதற்கு உடனடிக் காரணமாயிற்று.

1988 இல் பேநசீர் பதவியேற்றபோது அதே மத ஆட்சேபம் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆயினும் அதற்குரிய விடை 1964 இலேயே, அதுவும் ஆட்சேபம் எழுப்பக்கூடிய தரப்பினரின் வாயிலிருந்தே, பெறப்பட்டிருந்தது. பாத்திமா ஜின்னாவைச் சகோதரியாகவும் தாயாகவும் நினைவுகூர்வோர் அவரது வாழ்வின் இப்பகுதியை அடக்கிவாசிப்பதுண்டு. ஒரு தேசத்தின் தாயாக மட்டும் இருந்திருப்பின் அவருக்கு எதிரிகள் இருந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்று கேட்டபோதே அவர் ஆட்சியாளருக்கு ஆபத்தானவரானார். அவரை அரசியல் தலைவர் என நாம் மதிப்பிடுவதற்குரிய அடிப்படையும் அதுவேயாகும்.