இன்வாய்ஸில் இல்லாத சரக்கு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரத்தில் காதை வைத்தால் உள்ளே நறநறவென்று சத்தம் வருகிறதா? முடிந்தது கதை. சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே பந்தி போட்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியே மரம் பச்சைப்பசேலென்று ஜோராக நிற்கும். குருத்து வாடிச் சாயும்போது உள்ளே ஒன்றுமே மிச்சமிருக்காது.

நம்ம ஊர் வண்டுதான் சார். தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான் பூர்வீகம். 1985-ல் அது ஐக்கிய அரபு அமீரகத்தில் தலைகாட்டியது. அடுத்த ஓரிரு வருஷத்தில் சவூதியின் கதீஃப். அங்கே தென்னைக்குப் பதில் பேரீச்சை. வண்டுக்கு என்ன, பனைக் குடும்பமாக இருந்தால் போதும்.

பறந்தா போனது? கொஞ்ச தூரம் பறக்கும். கடல் தாண்டக் கப்பல் வேண்டாமா? அதை ஏற்பாடு செய்தவர்கள் மனிதர்கள்.

பேரீச்சையை விதை போட்டு வளர்த்தால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகிவிடும். பெண் மரத்திலும் தாயின் ருசி வரும் என்று நிச்சயமில்லை. ஆகவே அடிமரத்தில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதுதான் காலகாலமான வழக்கம். நல்ல ரகக் கன்று என்றால் நாடு விட்டு நாடு போகும். நான் பி.காம். படித்தவன். இன்வாய்ஸைப் பார்த்தால் படிக்காமல் விடமாட்டேன். கன்று எத்தனை, விலை எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் முட்டையை யார் எழுதுவார்கள்?

1992-ல் எகிப்து. அமீரகத்துக் கன்றுகளோடு வந்தது என்பதுதான் பரவலான கணிப்பு. ஸ்பெயின் கடற்கரைகளில் ஓட்டல்களும் வில்லாக்களும் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கன்று நட்டு, அது வளரும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? வளர்ந்த மரத்தையே எகிப்திலிருந்து வேரோடு கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டும் சேர்ந்து இறங்கியது. 2004-ல் இத்தாலி, 2006-ல் பிரான்ஸ். ஐரோப்பிய யூனியன் அவசரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது 2007-ல்! மருந்து, வெட்டுக்கூலி, புது மரம் என்று 2013 வரை இந்த மூன்று நாடுகளுக்கும் ஆன நஷ்டம் சுமார் 9 கோடி யூரோ. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு போட்ட கணக்கு இது.

ஜெயித்த ஊரும் உண்டு. ஸ்பெயினின் கானரி தீவுகள். 2005-ல் வண்டு அங்கே சிக்கியதும், வெளியிலிருந்து எந்தப் பனை வகையும் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். மரம் மரமாகப் பார்த்து, விழுந்த மரத்தை அழித்தார்கள். 2016-ல் வண்டு ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

ஆனால் அது தீவு. கடலே வேலி. சவூதிக்கும் அமீரகத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? மணல். இந்தப் பக்கம் மருந்தடித்து, அந்தப் பக்கம் அழுகிய மரம் நின்றால் என்ன பிரயோஜனம்? ஆளாளுக்குத் தன் தோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017 மார்ச்சில்தான் ரோமில், உணவு வேளாண் அமைப்பின் தலைமையகத்தில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கன்றுப் போக்குவரத்தில் கெடுபிடி போதாது, தகவல் பரிமாற்றம் இல்லை, விவசாயியை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பேசி, பொதுவான திட்டம் ஒன்று வகுத்தார்கள். 2019-ல் அபுதாபியில் கூடிப் பொது நிதிக்கும் வழி செய்தார்கள். வண்டு வந்து அதற்குள் 30 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இதெல்லாம் கடைசியில் வந்து நிற்பது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில். இனக்கவர்ச்சிப் பொறி என்பார்கள். ஆண் வண்டு விடும் வாசனையை ரசாயனமாகச் செய்து உள்ளே தொங்கவிட்டு, அடியில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைப்பார்கள். பழத்தையும் தண்ணீரையும் அவ்வப்போது மாற்றியாக வேண்டும். மாற்றாமல் காயவிட்டால், வாசனைக்கு வந்த வண்டு பக்கெட்டில் விழாது. பக்கத்தில் நிற்கும் மரத்துக்குப் போய்விடும். அது யார் தோப்பு மரம் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.