ஆசிரியர் கேட்ட காணிக்கை

நம் காலனியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் மாதங்களில் எந்த இல்லத்துக்குச் சென்றாலும் மேசையின்மீது உயிரியல் பாடநூல் ஒன்று விரிந்து கிடக்கக் காண்கிறோம். பிள்ளை மருத்துவராக வேண்டும் என்னும் ஆசை நம்மவருள் பெரும்பாலோர்க்கு உண்டு; அவ்வாசையில் தவறேதும் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வெளியிட்ட பாடநூலில், இனப்பெருக்கம் பற்றிய பகுதி தொடங்குமுன், பஞ்சானன் மகேசுவரி என்னும் பேராசிரியரின் சுருக்கமான வரலாறு ஒரு பக்கத்தில் அச்சாகியிருந்ததை அந்நூலைப் பயின்றவர் கண்டிருப்பர். இதிலிருந்தா வினா வரப்போகிறது என்று எண்ணி, நம் பிள்ளைகள் அப்பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுவர். நாமும் அவ்வாறு செய்தவர்களே.

பின்னாளில் ஓய்வாக அமர்ந்து படித்தபோது அப்பக்கத்தில் ஒரு குறை நமக்குத் தென்பட்டது. மாணவராயிருந்த மகேசுவரி தம் ஆசிரியரை நோக்கி, தங்களுக்கு நான் செய்யத்தக்க கைம்மாறு யாது என்று வினவிய செய்தி அதில் உண்டு. ஆசிரியர் அளித்த விடை இல்லை. விடை கூறாது விடப்பட்ட அவ்வாசிரியரையும், அவர் பணியாற்றிய சிறு கல்லூரியையும், அங்கிருந்து இத்தலைநகர் வரை நீண்ட ஆசிரியர் வரிசையையும் பற்றி இவ்வாண்டு மலரில் சில சொல்ல விரும்புகிறோம்.

இராமேசுவரத்து மணலை எடுத்துச் சென்று திரிவேணியில் இட்டு, அங்கிருந்து கங்கை நீர் கொணர்ந்து இராமநாதரை நீராட்டும் வழக்கம் நம் முன்னோர் போற்றியது. ஆதலால், 2018-ஆம் ஆண்டில் பிரயாக்ராஜ் என்று பெயர் மாற்றம் பெற்ற அலகாபாத், தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய ஊர் அன்று. திரிவேணியிலிருந்து யமுனையின் கரையோடு மேல்நோக்கிச் சென்றால், பழைய இருப்புப்பாதைப் பாலத்தின் பக்கமாக ஈவிங் கிறித்தவக் கல்லூரியைக் காணலாம். அமெரிக்கப் பிரெசுபிட்டேரியன் மிஷனார் 1902-இல் அதனைத் தொடங்கினர். 1912-இல் மறைந்த முதல்வர் ஈவிங் அவர்களின் பெயரைக் கல்லூரி பின்னர் ஏற்றது. புனித நீராடித் திரும்பும் நம்மவர் பலர் அக்கல்லூரியின் அருகே சென்றும், அதனைப் பற்றி ஒன்றும் அறியாமலே வந்திருப்பர்.

அக்கல்லூரியில் தாவரநூல் கற்பித்தவர் வின்ஃபீல்டு டட்ஜன் என்னும் அமெரிக்கர். அவருடன் பணியாற்றியவர் கெனாயர் என்னும் மற்றோர் அமெரிக்கர். இக்காலத்துப் பெரிய துறைகளோடு ஒப்பிட்டால் அஃது ஒரு துறை என்று சொல்லத்தக்க அளவினதன்று. ஆயினும் அவ்விருவரும் வகுப்பறைச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கவில்லை. கங்கைச் சமவெளியில் மாரிக்காலத்தில் ஒரு வகைச் செடிகள் முளைத்துத் தழைக்கின்றன. குளிர்காலத்தில் அவை மறைந்து வேறு செடிகள் தோன்றுகின்றன. வேனிலில் இவையும் தீய்ந்து, வெயிலைத் தாங்கும் சிலவே எஞ்சுகின்றன. உழவர் யாவரும் கண்ணால் கண்ட இக்காட்சியை முறையாக ஆராய்ந்து, பருவந்தோறும் செடிக்கூட்டம் மாறும் ஒழுங்கினை டட்ஜன் 1920-இல் கட்டுரையாக வெளியிட்டார். இருவரும் சேர்ந்து டெஹ்ரி கட்வால் மலைப்பகுதியின் தாவரச் சூழலை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1925-இல் வெளிவந்தது. இந்தியச் சூழலியலின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் இக்கட்டுரைகளிலிருந்தே தொடங்குகின்றனர்.

1920-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளியான இதழ் எது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராயிருந்த பைசன், 1919-இல் தொடங்கிய இந்தியத் தாவரநூல் இதழே அது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் வளரும் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர் அவர். அந்நாளில் நம் கல்லூரிகளில் படித்தவர், இங்கிலாந்தின் வயல்களில் பூக்கும் செடிகளைப் படத்தில் கண்டு பெயர்களை உருப்போட்டவர். அதனை மாற்ற விரும்பியோர் பைசன் ஒருவரல்லர். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியின் ரங்காசாரியார், இந்தியச் செடிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு தொடக்கத் தாவரநூல் ஒன்றை 1916-இல் இயற்றினார். லாகூர் அரசினர் கல்லூரியில் சிவராம் காஷ்யப் பாசியினத்தை ஒத்த சிறு செடிகளை இமயத்தில் தேடித் திரிந்தார். அவரிடம் பயின்றவரே, புதைபடிவத் தாவரங்களின் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற பீர்பால் சாஹ்னி. மாநிலக் கல்லூரியின் எம். ஓ. பி. அய்யங்கார் நம் குளங்குட்டைகளின் பாசிகளை ஆராய்ந்து, சேற்றில் வளரும் புதுவகைப் பாசியொன்றை 1932-இல் அறிவித்தார். இவர்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் வகுப்பெடுத்த கல்லூரி ஆசிரியர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. 1920-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்தியத் தாவரநூற் சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராக யமுனைக் கரைக் கல்லூரியின் டட்ஜன் அமர்ந்தார்.

ஜெய்ப்பூரில் 1904-இல் பிறந்த மகேசுவரி இவரிடம் மாணவராக வந்து சேர்ந்தார். செடியின் உறுப்புகளை உற்றுநோக்கும் கலையை அவர் டட்ஜனிடம் கற்றார். தம் மாணவன் தம்மை விஞ்சி மேற்செல்வானாயின் அதுவே தமக்குப் பெருமகிழ்ச்சி என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னாராம். அது கேட்டு நெகிழ்ந்த மாணவர், தங்களுக்கு நான் என்ன செய்யவேண்டும் என்றார். நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்க்குச் செய் என்பதே டட்ஜன் கூறிய விடை. பாடநூலில் விடுபட்டது இதுதான். மகேசுவரி 1931-இல் அலகாபாத் பல்கலைக் கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மறு ஆண்டே டட்ஜன் மறைந்தார். தாம் கேட்ட காணிக்கை எவ்வளவு பெருகிச் செலுத்தப்பட்டது என்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1930-இல் ஆக்ரா கல்லூரியில் விரிவுரையாளராக அமர்ந்த மகேசுவரி, மலர்களின் கருவியலை ஆராயலானார். அவ்வாராய்ச்சியின் தன்மையை ஒருவாறு விளக்க முயல்கிறோம். கடுகினும் சிறிய மொட்டினை மருந்து நீரில் இட்டுப் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக வரிசை குலையாமல் அரிய வேண்டும். சாயமேற்றிய அச்சீவல்களை ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் கண்டு, சூலின் உள்ளே கருப்பை எவ்வாறு உருவாகிறது, அதில் எத்தனை உட்கருக்கள் உள்ளன, வித்தாவது எப்படி என்பவற்றை மனத்தில் ஒன்று சேர்த்துக் காண வேண்டும். ஒரு சீவல் தவறினாலும் கதையில் ஓர் ஏடு போயிற்று. விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் பொறுமையே இதற்குப் பெரிதும் வேண்டுவது. எளிய கல்லூரிகளிலும் இக்கலை வேரூன்றியதற்கு அதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இத்தனை பாடுபட்டு என்ன பயன் என்று கேட்போர்க்கு, நம் தெருவில் குளிர்காலந்தோறும் கூடையில் வரும் சிங்காடாவைக் காட்டலாம். குளங்களில் மிதந்து காய்க்கும் இக்கொடியை ஓனாகிரேசி என்னும் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தோர் பலர். அக்குடும்பத்துச் செடிகளின் கருப்பையில் நான்கு உட்கருக்களே உண்டு. தில்லிப் பல்கலைக் கழகத்தின் மானசி ராம் சிங்காடாவின் சூலினை ஆராய்ந்து, அதில் எட்டு உட்கருக்கள் தோன்றுவதை 1956-இல் வெளியிட்டார். சிங்காடா தனிக் குடும்பம் என்னும் கொள்கைக்கு அது வலுவான சான்றாயிற்று. வெளித்தோற்றம் மறைத்த உறவையும் வேற்றுமையையும் சூல் காட்டிக் கொடுத்துவிடுகிறது!

ஆக்ராவை விட்டு நீங்கிய மகேசுவரி, 1939-இல் டாக்கா பல்கலைக் கழகம் சென்று உயிரியல் துறையை அமைத்தார். நாடு பிரிந்தது. 1949-இல், துணைவேந்தர் மாரிஸ் குவயர் அவர்களின் அழைப்பினை ஏற்றுத் தில்லியில் தாவரநூல் துறைத் தலைவரானார். மறு ஆண்டு வெளியான அவருடைய கருவியல் நூல் உலகெங்கும் பாடநூலாகப் பயிலப்பட்டது. 1951-இல் தாவர உருவியலாளர்க்கென ஒரு பன்னாட்டுச் சங்கத்தையும், ஃபைட்டோமார்ஃபாலஜி என்னும் இதழையும் தில்லியிலிருந்தே தொடங்கினார். ஆக்ராவில் அவரிடம் பயின்ற ஜோஹ்ரி தில்லியில் உடன் பணியாற்றிப் பின்னர் துறைத் தலைவராகவும் விளங்கினார். மைசூரில் பயின்று வடக்கே வந்த மோகன் ராம் 1953-இல் ஆசிரியராகச் சேர்ந்தார். பிழைப்புக்கு வடக்கே வந்த நம்மைப் போலவே கல்விக்கு வந்த தென்னாட்டாரும் அத்துறையில் இருந்தனர் என்பதை எண்ணும்போது ஓர் உறவு தோன்றுகிறது.

ஒரு குறையையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியர் வழியே மாணவர், மாணவர் வழியே அவர்தம் மாணவர் எனப் பெருகியதால், நாட்டின் பல கல்லூரிகளில் மொட்டு அரிவதே தாவரநூல் என்னும் நிலை ஏற்பட்டது. புதிய வினா எழாத இடத்திலும் புதிய செடி ஒன்றை எடுத்து அதே முறையில் அரிந்து பட்டம் பெற்றோர் உண்டு. கற்பித்தவர் கையை மட்டும் பின்பற்றி, அவர் கண்ணைப் பெறாமற்போனால் விளைவு அதுதான். மகேசுவரியோ தம் புகழுக்குக் காரணமான துறையிலேயே நின்றுவிடவில்லை. கருவானது செடிக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில் வளருமா என்னும் வினாவின் பக்கம் தம் மாணவரைத் திருப்பினார்.

விடை நம் அடுக்களையில் உள்ள ஒரு பொருளைத் தரும் செடியிலேயே கிடைத்தது. கசகசாச் செடியின் சூல்களை எடுத்து ஊட்டக்கூழின்மீது வைத்து, மகரந்தத்தை நேரே தூவினர். சூல்முடியும் சூல்தண்டும் இன்றியே மகரந்தக் குழல்கள் சூலினுட் புகுந்தன, கரு உண்டாயிற்று, முளைக்கும் வித்தும் விளைந்தது. குசும் காந்தா, ரங்கசாமி, மகேசுவரி ஆகிய மூவரும் 1962-இல் நேச்சர் இதழில் இதனை அறிவித்தனர். கட்டுரையில் மாணவியின் பெயரே முதலில் நின்றது.

இரண்டாண்டு கழித்து வந்தது இதனினும் பெரிய வியப்பு. சிவபெருமானுக்குச் சாத்தும் ஊமத்தை இனத்துச் செடியின் மகரந்தப்பைகளைச் சிப்ரா குஹா ஊட்டக்கூழில் வளர்த்து, மகரந்த அணுக்கள் எவ்வாறு பிரிகின்றன என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். எதிர்பாரா வகையில் மகரந்தப்பைகளின் உள்ளிருந்து குட்டிக் கருக்கள் வெளிப்பட்டன. 1964-இல் இச்செய்தி நேச்சர் இதழில் வெளியாயிற்று. மகரந்தத்தில் பிறந்த செடிக்குக் குரோமோசோம்கள் பாதியே உண்டு. அவற்றை மருந்தினால் இரட்டித்தால், பல தலைமுறை தன்மகரந்தம் சேர்த்துப் பெற வேண்டிய தூய வழிச்செடி ஒரே எட்டில் கிடைத்துவிடுகிறது. ஜப்பானியர் 1968-இல் நெல்லிலும், பிரெஞ்சுக்காரர் 1969-இல் புகையிலையிலும் இம்முறையைக் கையாண்டு செடிகள் பெற்றனர். பயிர் வளர்ப்போர்க்கு இன்று இது பழகிய வழி.

அதே 1964-ஆம் ஆண்டில், உலகப் புகழின் உச்சியில் இருந்த இப்பேராசிரியர் வேறொரு பணியையும் மேற்கொண்டார். உயர்நிலைப் பள்ளிகளுக்கான உயிரியல் பாடநூல், தேசியக் குழுவின் சார்பில் முதன்முதலாக அவர் தலைமையில் வெளிவந்தது. கண்டறியாத ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தவளையையும் செம்பருத்தியையும் விளக்கி எழுதுவிப்பதில், ஆராய்ச்சிக்கு உரிய நாள்களைச் செலவிட்டார். பெரும்புலமை வாய்ந்தோர் பலர் இதனைச் சிறு வேலை என்று ஒதுக்குவதை நாம் அறிவோம். டட்ஜன் கேட்ட காணிக்கை இவ்வாறு தலைநகரின் ஆராய்ச்சிக் கூடத்தையும் கடந்து பள்ளிகளுக்குச் சென்றது.

1965-இல் இலண்டன் அரச கழகம் மகேசுவரியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. 1966-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அவர் காலமானார். ஊமத்தையின் கருக்கள் மகரந்த மணிகளிலிருந்தே பிறந்தன என்பதை நிலைநாட்டிய இரண்டாம் கட்டுரை, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், சிப்ரா குஹாவின் பெயர் முன்னும் எஸ். சி. மகேசுவரியின் பெயர் பின்னுமாக நேச்சரில் வெளிவந்தது.