குறை கேட்ட காது: கிள்ளான் பள்ளத்தாக்கில் தொலைபேசி முறையீடுகள்

கோலாலம்பூரில் 1891ஆம் ஆண்டில் தொலைபேசி இணைப்பகம் தொடங்கப்பட்டது; இணைப்பகம் என்பது ஒரு சந்தாதாரரின் கம்பியை மற்றொருவரின் கம்பியோடு பொருத்தித் தரும் நிலையம். அக்காலக் கைமுறை இணைப்பகங்களில், சந்தாதாரர் தம் கருவியின் கைப்பிடியைச் சுழற்றியதும் பலகையில் அவருக்குரிய சிறு தகடு கீழே விழும். பணியாளர் செருகியை அதற்குரிய துளையில் பொருத்தி, யார் வேண்டும் என்று கேட்பார். கம்பி கரகரத்தாலும் இணைப்பு அறுந்தாலும் அந்தக் குறையைக் கேட்டதும் அதே காதுதான். சேவை தருபவரே குறையையும் விசாரிக்கும் இந்த ஏற்பாடு, கருவிகள் பலமுறை மாறிய பின்னரும், ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது.

1946இல் தொலைத்தொடர்பு தனி இலாகாவானது. கம்பி இழுப்பதும், கட்டணம் தண்டுவதும், அதன் மீதான புகாரைத் தீர்ப்பதும் இலாகாவின் பொறுப்பிலேயே இருந்தமையால், அதன் பதிலில் நிறைவடையாதவர் முறையிடுவதற்குத் தனியான ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் இல்லை. 1987 ஜனவரி 1ஆம் நாள் சேவைப் பணி சியாரிக்காட் டெலிகோம் மலேசியா நிறுவனத்துக்கு மாறியபோது, இலாகா கண்காணிப்பாளராக மட்டும் எஞ்சியது. தனியார்மயத்தைப் பற்றிய வாதங்களில் இந்தப் பிரிவினை போதிய கவனம் பெறுவதில்லை. ஆயினும் புகாரை விசாரிப்பவரும் புகாருக்கு உள்ளானவரும் வெவ்வேறு ஆட்களானது அப்போதுதான்.

ச. சாமிவேலு 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சராக இருந்த ஆண்டுகளில் கைத்தொலைபேசிச் சந்தை விரிந்தது. அரசு எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் பணிபுரிந்த இலங்கைத் தமிழர் பலர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் 1938இல் பிறந்த ஆனந்த கிருஷ்ணனின் கைத்தொலைபேசி நிறுவனமான மேக்சிஸ், 1995இல் சேவையைத் தொடங்கியது. நிறுவனங்கள் பெருகியபோது, உரிமம் வழங்குவதை மையமாகக் கொண்ட 1950ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் போதாமற்போனது.

அதற்கு மாற்றாக வந்து, 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, சேவை நிறுவனங்கள் பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், முறையீடுகளுக்கு உரிய தீர்வு காண வேண்டும் என்று விதித்தது. மீறுவோருக்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும் அச்சட்டம் முதலில் வகுத்திருந்தது. மரியாதையின் பாற்பட்டதாகக் கருதப்பட்டதைக் குற்றவியல் கடமையாக்கிய இந்தப் பிரிவே சட்டத்தின் உயிர்நாடி எனலாம். ஆயினும் சட்டம் சுய ஒழுங்குமுறையை, அதாவது துறையினர் தமக்குத் தாமே நெறி வகுத்துக்கொள்ளும் முறையை, விரும்பியது. 2001இல் அமைந்த பயனீட்டாளர் மன்றத்தில் நிறுவனங்களும் பயனீட்டாளர் அமைப்புகளும் சேர்ந்து உறுப்பினராயின, அதன் பொது நெறிமுறை 2003இல் பதிவானது. முறையீடு முதலில் நிறுவனத்திடமே செல்ல வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் மன்றத்தை நாடலாம் என்ற வரிசை, தளர்ந்துபோன பயனீட்டாளர் இடைவழியிலேயே கைவிடுவதற்கு இடமளித்தது.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2008இல் வந்தபோது இந்நிலை ஓரளவு மாறியது. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைக்காரருக்குப் பெயர்ப்பலகையில் தீட்டிய எண்ணே வாடிக்கையாளர் வரும் வழி. அதை இழக்க அஞ்சி மோசமான சேவையைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அகன்றது. 2022 நவம்பரில் செல்கோமும் டிஜியும் ஒன்றிணைந்தபின், அவ்வாறு மாறிச் செல்வதற்கான பெரிய நிறுவனங்களில் ஒன்று குறைந்தது.