கொதிகலனின் முனைமூடியும் அதன் இணைப்பும்

உருளை வடிவக் கொதிகலனுக்கோ அழுத்தக் கலனுக்கோ இரண்டு முனைகள் உண்டு. அவற்றை அடைக்கும் உலோக மூடியை, உள்ளிருக்கும் நீராவியோ வாயுவோ தள்ளினாலும் பிரியாதபடி உடலோடு சேர்ப்பதே முனைமூடி இணைப்பு. பட்டறைப் பேச்சில் மூடிக்கு ‘டிஷ் எண்ட்’ என்றும் உடலுக்கு ‘ஷெல்’ என்றும் பெயர். ஷெல்லின் நீளவாக்கில் ஓடும் பற்றவைப்பு ‘லாங் சீம்’, மூடியையும் ஷெல்லையும் சேர்த்து வட்டமாக ஓடுவது ‘சர்க் சீம்’. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. இங்கே அவற்றை நெடுந்தையல், சுற்றுத்தையல் என்று சொல்லலாம்.

சுற்றுத்தையலைப் பார்க்க ஆலைக்குப் போக வேண்டியதில்லை. அடுப்படியில் நிற்கும் 14.2 கிலோ எரிவாயு உருளையின் இடுப்பை விரலால் தடவினால், வண்ணப்பூச்சுக்கு அடியில் ஒரு மேடு சுற்றி ஓடுவது தட்டுப்படும். எஃகுத் தகட்டை அச்சில் ஆழமாக இழுத்து இரண்டு கிண்ணங்களாக்குகிறார்கள். ஒரு கிண்ணத்தின் விளிம்பை மட்டும் தகட்டின் கனத்தளவு உள்ளே ஒடுக்கி, அதன்மேல் மற்றதைக் கவிழ்த்துச் சுற்றிலும் பற்றவைக்கிறார்கள். அந்த மேடு அதன் தடம். ஷெல் என்று தனியாக ஒன்று இங்கே இல்லை. இரண்டு மூடிகள் சேர்ந்ததே கலன். ஒடுக்கிய விளிம்பு உள்ளே ஒரு வளையமாக நின்று, உருகிய உலோகம் வழிந்துவிடாமல் தாங்குகிறது. உள்ளே கை நுழையாத சிறு கலனுக்கு இதைவிட நல்ல உபாயம் கிடைப்பது அரிது. ஆக்சிஜன் உருளை வேறு சாதி. தையலே இல்லாத எஃகுக் குழாயின் முனையைச் செஞ்சூட்டில் சுழற்றிச் சுழற்றியே குவித்து மூடிவிடுகிறார்கள். அதற்கு இணைப்பு என்பதே கிடையாது.

மூடியைத் தள்ளும் விசை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் புரியும். 2 மீட்டர் விட்டமுள்ள கலன், உள்ளே சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், மூடியின்மேல் விழும் மொத்த விசை சுமார் 314 டன். அதைப் பிடித்து நிற்க வேண்டிய சுற்றுத்தையலின் நீளம் 6.28 மீட்டர். தையலின் ஒவ்வொரு செ.மீ.யும் அரை டன் சுமக்கிறது.

ஆனாலும் இந்த நேர் இழுப்பு பெரிய எதிரி அல்ல. மெல்லிய உருளையில் நெடுந்தையலைப் பிளக்கப் பார்க்கும் தகைவு, சுற்றுத்தையலை இழுக்கும் தகைவைப்போல இரண்டு மடங்கு. கணக்குப்படி சுற்றுத்தையல் சொகுசான இடத்தில் இருக்கிறது. தொல்லை வருவது மூடியும் உடலும் ஒரே மாதிரி உப்பாததால். ஒரே ஆரமும் ஒரே கனமும் உள்ள உருளையையும் அரைக்கோளத்தையும் ஒரே அழுத்தத்துக்கு உட்படுத்தினால், கோளத்தின் விளிம்பு, உருளை விரியும் அளவில் பாதிகூட விரியாது. ஒட்டி நிற்கும் இரண்டில் ஒன்று வெளியே போகப் பார்க்கிறது, மற்றது பிடித்து இழுக்கிறது. நடுவில் அகப்பட்ட தகடு வளைகிறது. மூடி தட்டையாக இருந்தால் அந்த வளைவு மூலையில் வந்து குவிகிறது. இருநூறு ஆண்டுக் கொதிகலன் தொழிலில் முனைமூடியைப் பற்றிக் கற்றதில் பெரும்பகுதி இதுதான்: இணைப்பை மூலையிலிருந்து எப்படி நகர்த்துவது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் டிரெவிதிக் உயரழுத்த நீராவியைக் கையிலெடுத்தார். அவர் 1812-இல் அமைத்த கார்னிஷ் கொதிகலனும், வில்லியம் ஃபேர்பேர்னும் ஜான் ஹெதரிங்டனும் 1844-இல் காப்புரிமை பெற்ற லங்காஷயர் கொதிகலனும் தட்டையான முனைகள் கொண்டவை. உள்ளே நெருப்புக் குழாய்கள் முனையிலிருந்து முனைக்கு ஓடியதால் தட்டை முனை வசதியாக இருந்தது. தட்டை முனை வெளியே உப்பாமலிருக்க, முனைத்தகட்டையும் ஷெல்லையும் முக்கோணத் தகடுகளால் இழுத்துக் கட்டினார்கள். இங்கேதான் அனுபவம் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. கட்டு இறுக இறுகப் பாதுகாப்பு கூடும் என்று எண்ணியவர்களின் கொதிகலன்களில்தான் விரிசல் வந்தது. நெருப்புக் குழாய் சூட்டில் நீளும்போது முனைத்தகடு சற்றே வெளியே நெளிய வேண்டும். நெளிய இடமில்லையென்றால், தகடு மடங்கும் கோட்டில் நுண்ணிய பள்ளம் விழும். தண்ணீர் அந்தப் பள்ளத்தை அரிக்கும், அடுத்த நெளிவு அதை ஆழமாக்கும். ஆகவே நெருப்புக் குழாய்க்கும் முக்கோணத் தகட்டின் கடைசி ரிவெட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 9 அங்குலம் வெற்றிடம் விடுவது வழக்கமாயிற்று. ஆங்கிலேயத் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மூச்சுவிடும் இடம்’. இரும்பைத் தினமும் தொட்டுப் பழகியவர்கள் மட்டுமே வைக்கக்கூடிய பெயர் அது.

அன்றைய இணைப்பு முழுக்க ரிவெட்டால் ஆனது. முனைத்தகட்டின் விளிம்பை மடித்து ஷெல்லுக்குள் செருகியோ, மூலையில் ஒரு கோண வளையம் வைத்தோ துளையிட்டு, செஞ்சூடான ரிவெட்டை நுழைத்து அடிப்பார்கள். ரிவெட் ஆறும்போது சுருங்கித் தகடுகளை நெருக்கும். அந்த நெருக்கமும் நீராவிக்குப் போதாது. தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி அடித்தகட்டோடு அப்பினால்தான் ஒழுகல் நிற்கும். துளையிட்ட தகடு எவ்வளவு பலம் இழக்கிறது என்பதைச் சோதனையால் அளந்தவர் ஃபேர்பேர்ன். முழுத் தகட்டின் பலம் 100 என்றால், இரட்டை வரிசை ரிவெட் இணைப்புக்கு 70, ஒற்றை வரிசைக்கு 56 என்று அவர் கண்டார். இன்றும் வடிவமைப்பாளர்கள் ‘இணைப்புத் திறன்’ என்று ஒரு பின்னத்தால் தகட்டின் கனத்தைக் கணக்கிடுவது இந்தச் சிந்தனையின் தொடர்ச்சி.

ரிவெட்டுக்கு இன்னொரு பகை இருந்தது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கில் கொதிகலன் தண்ணீர் கசிந்து, நீர் ஆவியாகி, காரம் மட்டும் தங்கி அடர்த்தியாகும். எஃகு அங்கே நொறுங்கும் தன்மை பெற்று, வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் ரிவெட் துளைக்குத் துளை விரிசல் விடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் பார் 1910-களில் இந்தக் காரநொறுக்கத்தை ஆராய்ந்தார். இடுக்கே இல்லாத இணைப்பு வந்தால்தான் இந்த நோய்க்கு வேர் அறும் நிலை.

1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். குற்றவாளி மூடியல்ல, தகடு தகட்டின்மேல் படிந்த நெடுந்தையல்; மேல்தகடு மறைத்த இடத்தில் விரிசல் வளர்ந்திருந்தது. ஆனால் அதன் விளைவு எல்லா இணைப்புகளையும் தொட்டது. 1907-இல் அந்த மாநிலம் கொதிகலன் விதிகளை இயற்றியது. 1911-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் குழு அமைத்தது. அதன் விதிநூல் 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. கொதிகலன் உருளைகளுக்கு மின்வில் பற்றவைப்பை அந்த விதிநூல் 1931-இல் ஏற்றுக்கொண்டது. எக்ஸ் கதிரால் தையலின் உள்ளே பார்க்க முடிந்ததுதான் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை.

பற்றவைப்பு வந்ததும் மூடியின் வடிவத்துக்கும் விடுதலை கிடைத்தது. அழுத்தத்தை மிகக் குறைந்த கனத்தில் தாங்குவது அரைக்கோளம். ஆனால் ஆழமாக இழுக்க வேண்டும், செலவு கூடும். அனல்மின் நிலையங்களின் 100 மி.மீ.க்கும் மேல் கனமுள்ள நீராவி உருளைகளில் அதைப் பார்க்கலாம். நடுத்தர அழுத்தத்துக்கு நீள்வட்ட மூடி. அதன் ஆழம் விட்டத்தில் கால்பங்கு. விலை குறைவானது பெரிய ஆரமுள்ள உச்சியும் சிறிய ஆரமுள்ள தோளும் கொண்ட மூடி. அமெரிக்க விதிநூலின்படி அந்தத் தோளின் ஆரம் மூடியின் வெளிவிட்டத்தில் 6 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஜெர்மன் வழக்கில் க்ளோப்பர் என்ற வகைக்கு அது 10 விழுக்காடு.

இந்தத் தோள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். உள்ளிருந்து அழுத்தம் தள்ளும்போது கலன் முழுதும் விரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தோள் மட்டும் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது. உச்சி மேலே எழும்ப எழும்ப, தோளைத் தன்னோடு உள்ளே இழுக்கிறது. தகடு மெல்லிசாகவும் விட்டம் பெரிதாகவும் இருந்தால், தோள் துணி மடிப்புப்போல அலையலையாக நசுங்கிவிடும். 1956-இல் கலிபோர்னியாவின் ஏவன் என்ற ஊரில் ஒரு பெரிய கலன் நீர்ச்சோதனையிலேயே தோற்றது. 1959-இல் கேலட்லி என்ற பொறியாளர் இத்தகைய மூடிகளைப் பற்றி எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார்.

தோள் இவ்வளவு தத்தளிக்கும்போது அதன்மேலேயே தையல் போடுவது மடமை. அதனால்தான் நல்ல டிஷ் எண்டின் விளிம்பு, வளைவு முடிந்த இடத்தோடு நிற்காமல் கொஞ்ச தூரம் நேராக இறங்கிவரும். ‘ஸ்ட்ரெய்ட் ஃபேஸ்’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அந்த நேர்ப்பட்டையால் தையல் தோளைவிட்டு விலகுகிறது. இரண்டு உருளைகளைச் சேர்ப்பதுபோல எளிதாகிறது. அரைக்கோள மூடிக்குப் பெரும்பாலும் நேர்ப்பட்டை கிடையாது. அமெரிக்க விதிநூல் அதன் சுற்றுத்தையலை நெடுந்தையலோடு ஒரே கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு தலைநகர் உண்டென்றால் அது திருச்சி. பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை அங்கே 1965-இல் தொடங்கியது. 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. அந்த ஆலையை அண்டித் துவாக்குடி வட்டாரத்தில் பிழைக்கும் தயாரிப்புக் கூடங்களில் நின்று பார்த்தால், இணைப்பின் தலைவிதி நெருப்பு மூட்டுவதற்கு முன்பே, நாடாவை எடுக்கும்போதே தீர்மானமாவது தெரியும். விட்டத்தை அளந்து பயனில்லை. ஷெல்லும் டிஷ் எண்டும் சரிவட்டமாக இருப்பதில்லை. ஆகவே சுற்றளவை அளப்பார்கள். மூடியின் சுற்றளவு 12 மி.மீ. கூடுதலாக இருந்தால், சுற்றிலும் பரப்பிச் சேர்த்தாலும் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2 மி.மீ. பிதுங்கி நிற்கும். தகடு 8 மி.மீ. கனம் என்றால் அதுவே எல்லை. அந்தக் கனத்துக்குக் கால்பங்குக்கு மேல் விலகல் ஆகாது. ஃபிட்டர் கோணத்தகட்டைப் பற்றவைத்து, ஆப்பு அடித்து, மேடான பக்கத்தைத் தணித்து, பள்ளமான பக்கத்தை ஏற்றி, நான்கு திசையிலும் ‘டேக்’ என்னும் சிறு பிடிப்புப் பற்றவைப்பு போடுகிறார். பிறகுதான் கலன் உருளிகளின்மேல் மெல்லச் சுழலும். பற்றவைக்கும் தலை ஓரிடத்தில் நிற்கும்.

முதலில் ஓடும் வேர்த்தையல்தான் உயிர். உள்ளே ஆள் இறங்க முடிந்தால், அடுத்த பக்கத்திலிருந்து அதைக் குடைந்து சுத்த உலோகம் தெரியும்வரை தோண்டி, மறுபடி நிரப்புவார்கள். கடைசி மூடிக்கு அந்த வசதி பெரும்பாலும் ஆள்நுழை துளையின் வழியேதான். அதுவும் இல்லாத கலனில் தையலுக்கு உட்புறம் தாங்கலாகப் பின்பட்டை வைத்தோ, வேரை மட்டும் டிக் (TIG) பற்றவைப்பு முறையில் ஓட்டியோ முடிக்கிறார்கள். அமெரிக்க விதிநூலில் இருபுறமும் பற்றவைத்து முழுதும் கதிர்ப்படம் எடுத்த தையலின் திறன் 1.0, பின்பட்டை தங்கிய தையலுக்கு அதே சோதனை செய்தாலும் 0.90 மட்டும்.

குறைந்த தகைவுள்ள தையல் என்று சுற்றுத்தையலை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்குச் சாட்சி ரோமியோவில். சிகாகோவுக்கு அருகிலுள்ள அந்த ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 1984 ஜூலை 23 அன்று 2.6 மீட்டர் விட்டமும் 25 மி.மீ. கனமும் உள்ள கோபுரக் கலன் ஒரு சுற்றுத்தையல் ஓரமாக அறுந்தது. மேல்பகுதி மூடியோடு சுமார் 1 கி.மீ. தூரம் பறந்து விழுந்தது. 17 பேர் இறந்தனர். அங்கே 14 கிலோ அழுத்தத்தில் தையலின் நேர் இழுப்பு சதுர செ.மீ.க்கு 400 கிலோகூட இல்லை. எஃகின் பலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வளையத்தை மாற்றிப் பற்றவைத்தபோது தையலோரம் கடினப்பட்டுவிட்டது. அதைத் தணிக்கும் வெப்பப் பதப்படுத்தல் நடக்கவில்லை. அந்தக் கடின ஓரத்தில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் வளர்த்திருந்தது. கார்பன் எஃகுக் கலனைப் பற்றவைத்த பின் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, கனத்துக்கு ஏற்ப நேரம் கொடுத்து, மெல்ல ஆற்றுவதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கலன் போதும்.

தட்டை முனை ஒழிந்துவிடவில்லை. சாய ஆலைகளிலும் அரிசி ஆலைகளிலும் ஓடும் சிறு நெருப்புக்குழாய்க் கொதிகலன்களில் முனைத்தகடு இன்றும் தட்டைதான். அதை ஷெல்லுக்குள் வைத்துச் சுற்றிலும் பற்றவைக்கும்போது, லங்காஷயர் காலத்து மூலை மறுபடி வந்துவிடுகிறது. தினமும் மூட்டி அணைக்கும் கொதிகலனில் உட்பக்கத் தையலின் ஓரத்தில் நுண்விரிசல் தொடங்கலாம். வெளியிலிருந்து மீயொலியால்தான் அதைத் தேட முடியும். விளிம்பை மடித்து, தையலை மூலையிலிருந்து ஷெல்லுக்குத் தள்ளிய தகடு விலை கூடினாலும் மேலானது.

இந்தியாவில் கொதிகலனுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஆண்டது. அதன் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. கட்டும் முறையைச் சொல்வது 1950-இன் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள்; பட்டறையில் ‘ஐபிஆர்’. அதன்படி முடிந்த கலனை வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு நீரால் சோதிக்கிறார்கள். நீர் நசுங்காது, தையல் விட்டால் ஒழுகும், காற்றைப்போல வெடித்துச் சிதறடிக்காது. உச்சியிலுள்ள காற்றுத்துளையில் நீர் வழியும்வரை நிரப்பி, துளையை அடைத்து, கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். பிறகு அழுத்தத்தைச் சற்று இறக்கிவிட்டு ஆய்வாளர் டார்ச்சோடு சுற்றுத்தையலை வலம் வருவார். ஈரம் தெரிந்தால் உலர்ந்த துணியால் ஒற்றுவார். குளிர்ந்த தகட்டில் படிந்த வியர்வை என்றால் பரவலாக மீண்டும் படியும். கசிவு என்றால் அதே புள்ளியில் அதே துளி திரும்பி வரும். அப்படி வந்தால் நீரை வடித்து, அந்த இடத்தைக் குடைந்து, மறுபடி பற்றவைத்து, சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். துளி வராத கலனின் தகட்டில் எண்ணையும் முத்திரையையும் அடித்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியைக் கலனின் ஆவணங்களோடு சேர்க்கிறார்கள்.